மூளையிலும் முளைக்குமோ?



மரத்தில் ஒரு கிளையை வெட்டினால் அருகில் வேறொரு கிளை துளிர்க்கின்றது. பல்லியின் வால் அறுந்தால் மறுவால் வளர்கின்றது. நம் முழங்காலில் பட்ட சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறிப் புதுத்தோல் மூடிக்கொள்கின்றது. இரத்தத்திலுள்ள சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாட்களே வாழ்ந்து மடிகின்றது. அதன் இடத்தை நிரப்ப எலும்பின் உள்ளேயுள்ள மச்சை புதிய அணுவைப் படைத்து அனுப்புகின்றது. இவ்வாறு உடலெங்கும் தேய்வும் வளர்ச்சியும் ஓயாது நடந்துவர, மூளை ஒன்று மட்டும் இதற்கு விலக்கு என்று உலகம் நெடுங்காலம் நம்பி வந்தது. பிறக்கும்போது கொண்டுவந்த நரம்பணுக்களே கைப்பொருள். அவை செலவாகும், வரவாகா. இதுவே உடற்கூற்று நூல்கள் உரைத்த முடிவு. பள்ளிப் பாடங்களும் அதையே எடுத்துரைத்தன.

இம்முடிவு எவ்வாறு பிறந்தது, யார் அதனை முதலில் ஐயுற்றனர், அவருக்கு நேர்ந்தது என்ன, இன்று அவ்வழக்கு எந்நிலையில் நிற்கின்றது என்பவற்றைச் சுருக்கமாக உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். இது விஞ்ஞானிகள் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய தகராறு, நமக்கென்ன என்று எவரும் ஒதுக்கிவிடலாகாது. மனச்சோர்வு நோயால் வாடும் ஒருவரைப் பார்த்து, ‘மூளை கெட்டுவிட்டது, இனி அவ்வளவுதான்’ என்று அக்கம்பக்கத்தார் கைவிரிப்பதை நாம் கேட்டிருக்கின்றோம். அந்தக் கைவிரிப்புக்குப் பின்னால், ‘மூளையில் போனது போனதுதான்’ என்ற எண்ணம் ஒளிந்து நிற்கின்றது. ஆகவே இவ்வெண்ணத்தின் வரலாற்றை அறிவது வீட்டுக்கும் வேண்டிய கல்வியே ஆகும்.

வரலாறு இத்தாலி நாட்டில் தொடங்குகின்றது. 1873-இல் காமில்லோ கோல்ஜி என்னும் மருத்துவர், மூளையின் மெல்லிய சீவல்களை வெள்ளி உப்பில் தோய்த்து நிறமேற்றும் முறையொன்றைக் கண்டார். அதன் அருமை யாதெனில், எண்ணற்ற நரம்பணுக்களுள் மிகச் சிலவே அச்சாயத்தை ஏற்கும். ஏற்றவை வேரும் கிளையுமாக முழு வடிவத்தோடு கறுத்துத் தோன்றும். அடர்ந்த காட்டில் எல்லா மரங்களும் ஒரே நிறமாக நின்றால் ஒன்றையும் பிரித்தறிய இயலாது. நாலைந்து மரங்களுக்கு மட்டும் கறுப்பு வண்ணம் பூசினாற்போல ஆயிற்று இது.

ஸ்பெயின் நாட்டவரான சந்தியாகோ ரமோன் இ காஹால் இம்முறையை 1887-இல் மாட்ரிட் நகரில் கண்டு வியந்தார். இளமையில் ஓவியனாக வேண்டும் என்று துடித்தவர் அவர். உடற்கூற்று ஆசிரியரான தந்தை அவரை வைத்தியத்தின் பக்கம் திருப்பினார். அந்த ஓவியக் கை வீண்போகவில்லை. நுண்பெருக்கியின் வழியே தாம் கண்டவற்றை ஆயிரக்கணக்கான சித்திரங்களாகத் தீட்டினார். மூளை என்பது ஒன்றோடொன்று உருகி ஒட்டிய வலை அன்று. தனித்தனி அணுக்களின் கூட்டமே என்று நிறுவினார். கோல்ஜியோ வலைக் கொள்கையையே பற்றி நின்றார். 1906-இல் இருவருக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டபோது, தம்மோடு பரிசு பெற்றவரின் கொள்கையை மறுத்தே கோல்ஜி தம் பரிசுரையை நிகழ்த்தினார்.

காஹால் 1913-14 ஆண்டுகளில் நரம்பு மண்டலத்தின் சிதைவையும் மீட்சியையும் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். கைகால்களில் ஓடும் நரம்பு அறுந்தால் மீண்டும் ஓரளவு வளர்வதை அவர் கண்டார். ஆனால் வளர்ந்து முற்றிய மூளையிலும் முதுகுத் தண்டிலும் அவ்வாறு நிகழக் காணவில்லை. அங்கே பாதைகள் முடிந்துவிட்டன, மாறா என்னும் கருத்துப்பட அவர் தீர்ப்பெழுதினார். அத்தோடு நில்லாமல், இக்கடுந்தீர்ப்பை மாற்றுவது இயலுமாயின் அது வருங்கால விஞ்ஞானத்தின் கடமை என்றும் குறித்தார். பின்வந்தோர் முதற்பகுதியை நெஞ்சில் எழுதிக்கொண்டனர். பிற்பகுதியைப் பெரும்பாலோர் மறந்தனர். பெரியோர் ஒருவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போடாமல் சென்றார். மாணவர்களோ பூட்டே போட்டுவிட்டனர்.

இதில் அவர்களைக் குறைகூறுவதும் முழு நியாயம் ஆகாது. புதிய நரம்பணு பிறப்பதைக் காணும் கருவி அந்நாளில் இல்லை. ஓர் அணு இரண்டாகப் பிளக்கும் காட்சியை மூளையில் தேடினால், பிளப்பவை நரம்பணுக்களா, அவற்றைத் தாங்கி நிற்கும் துணையணுக்களா என்று பிரித்தறிவது அரிது. முற்றிய நரம்பணு தானே பிளவுபடுவதில்லை என்பதும் உண்மை. எனவே ‘பிறப்பு இல்லை’ என்பது கண்டவற்றோடு பொருந்தியே இருந்தது.

1950-களின் பிற்பகுதியில் அக்கருவி கிடைத்தது. ஓர் அணு இரண்டாவதற்கு முன் தன் மரபுப் பொருளை, அதாவது டி.என்.ஏ.-வை, இரட்டித்துக் கொள்ள வேண்டும். அதற்குத் தைமிடின் என்னும் பொருள் தேவை. இத்தைமிடினில் கதிரியக்கமுள்ள ஹைட்ரஜனைச் சேர்த்து விலங்கின் உடலில் செலுத்திவிட்டால், அந்நேரத்தில் இரட்டிக்கும் அணுக்கள் மட்டுமே அதனை எடுத்துக்கொள்ளும். நம் நாட்டுச் செங்கற் சூளைக்காரர் கல்லின்மேல் தம் பெயரின் எழுத்துக்களைப் பதித்து விடுவதைக் கண்டிருப்பீர்கள். ஊருக்குள் ஒரே ஒரு மாதம் மட்டும் குறியிட்ட கல்லை விற்றுவிட்டு, பல மாதங்கள் சென்றபின் வீடு வீடாகச் சென்று பார்த்தால், எந்தச் சுவர் அந்த மாதத்தில் எழும்பியது என்று சொல்லிவிடலாம் அன்றோ? அதுபோலவே, குறியிட்ட தைமிடின் எந்த நரம்பணுவில் தென்படுகின்றதோ, அது பிறந்த காலமும் தெரிந்துவிடும்.

இக்கருவியைக் கையிலெடுத்து மூளையின் கதவைத் தட்டியவர் ஜோசப் ஆல்ட்மன். 1925-இல் ஹங்கேரி நாட்டின் புடபெஸ்ட் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிப் பிழைத்தவர். போருக்குப் பின் தாய்நாடு துறந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று அலைந்து, இறுதியில் அமெரிக்காவை அடைந்தார். உளவியலில் பட்டம் பெற்ற அவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சியில் இறங்கினார். 1962-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரையின் தலைப்பே ஒரு வினாவாக அமைந்தது: வளர்ந்த பாலூட்டிகளின் மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றுகின்றனவா என்பதே அவ்வினா. எலிகளின் மூளையில் குறியேற்ற சில அணுக்களை அவர் கண்டிருந்தார். 1965-இல் கோபால் தாஸ் என்பவருடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை இன்னும் திட்டமானது. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்றொரு பகுதி உண்டு. கடற்குதிரையின் வடிவை ஒத்திருத்தலின் அப்பெயர் பெற்றது. புதிய செய்திகளை நினைவில் பதிக்க இன்றியமையாதது. அதன் ஒரு மடிப்பில், பிறந்து வளர்ந்த எலிக்கும் நரம்பணுக்கள் புதிதாகச் சேர்கின்றன என்று இருவரும் எழுதினர்.

உலகம் என்ன செய்தது? கல்லெறியவில்லை, சிறையிலடைக்கவில்லை, கேளாதது போல் இருந்துவிட்டது. புதுமை சொல்வோர்க்கு எதிர்ப்பைக் காட்டிலும் இது கொடிய தண்டனை. எதிர்ப்போரிடம் விடை கூறலாம். முகம் திருப்பிக்கொண்டோரிடம் என்ன கூறுவது? ஆல்ட்மன் 1968-இல் பர்டூ பல்கலைக் கழகத்திற்குச் சென்று, மூளை வளர்ச்சி பற்றிய வேறு ஆராய்ச்சிகளைத் தம் போக்கில் தொடர்ந்தார்.

1977-இல் மைக்கேல் கேப்ளன் என்னும் இளைஞர், மின்னணு நுண்பெருக்கியின் துணைகொண்டு, குறியேற்ற அணுக்களில் நரம்பணுக்களுக்கே உரிய இணைப்புகள் இருப்பதை எடுத்துக் காட்டினார். அவருடைய சொல்லும் எடுபடவில்லை. அவர் ஆராய்ச்சித் துறையிலிருந்து விலகி வைத்தியத் துறைக்குச் சென்றார். 1985-இல் யேல் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் பாஷ்கோ ராக்கிச், ரீசஸ் குரங்குகளை ஆராய்ந்து, வளர்ந்த குரங்கின் மூளையில் புதிய நரம்பணுக்களைக் காணவில்லை என்று அறிவித்தார். அவர் கூறிய காரணமும் சிந்திக்கத் தக்கது. வாழ்நாள் முழுதும் கற்றதைக் காத்து வைக்க வேண்டிய உயிர்க்கு, நிலைத்த அணுக்களே நன்மை பயக்கும். நாள்தோறும் புதியவை வந்து புகுந்தால் பழைய நினைவு என்னாவது? இது மேம்போக்கான கேள்வி அன்று. நூலகத்தில் அன்றாடம் அலமாரிகளை மாற்றிக்கொண்டே இருந்தால் புத்தகத்தைத் தேடி எடுப்பது எப்படி என்று கேட்பதை ஒத்தது அது.

இந்நிலையில் வழக்கை உயிர்ப்பித்தது ஒரு சிறு பறவை. அர்ஜென்டினாவில் பிறந்த பெர்னாண்டோ நாட்டபோம் என்பவர் நியூயார்க்கில் ராக்பெல்லர் பல்கலைக் கழகத்தில் கேனரிப் பறவையின் பாட்டை ஆராய்ந்து வந்தார். ஆண் கேனரி வசந்த காலத்தில் பெட்டையை அழைத்துப் பாடும். ஆண்டுதோறும் தன் பாட்டில் புதிய உருப்படிகளைச் சேர்த்துக்கொள்ளும். அப்பாட்டை ஆளும் மூளைப் பகுதி ஒன்று வசந்தத்தில் பெருத்தும், பருவம் கழிந்தபின் சிறுத்தும் போவதை 1981-இல் அவர் வெளியிட்டார். வசந்தத்தில் அது ஏறக்குறைய இருமடங்காகின்றது. அடுத்து 1983-இல் ஸ்டீவன் கோல்டுமனுடன் சேர்ந்து, வளர்ந்த கேனரியின் அப்பகுதியில் புதிய நரம்பணுக்கள் பிறந்து வந்து சேர்வதைக் காட்டினார். 1984-இல் இன்னும் ஒரு படி ஏறினார். குறியேற்ற அணுக்கள் பறவையின் செவியில் ஒலி விழும்போது மின்துடிப்புக் காட்டுகின்றன என்று அளந்தறியப்பட்டது. வந்தவை வெறும் விருந்தாளிகள் அல்ல. வீட்டு வேலையில் பங்கேற்கும் உறவினர் என்று அதனால் தெளிவாயிற்று. ‘பறவைக்கு அது சரி, பாலூட்டிக்கு அன்று’ என்று கூறியவர்கள் அப்போதும் இருந்தனர். எனினும் தலைசிறந்த ஆராய்ச்சிக் கூடங்கள் இவ்வழக்கை அதன்பின் புறக்கணிக்க முடியவில்லை.

இனி நம் பொருளின் இரண்டாம் பாதிக்கு வருவோம். மனத்தின் துயரத்திற்கும் இந்த அணுக்களுக்கும் என்ன தொடர்பு?

நமக்கு அச்சமோ கவலையோ நேரும்போது, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்துள்ள சுரப்பி ஒருவகை நீரை இரத்தத்தில் கலக்கின்றது. ஆபத்து வேளையில் ஓடவும் எதிர்க்கவும் உடலை ஆயத்தப்படுத்துவது இச்சுரப்பு. எலியின் ஹிப்போகாம்பஸ் இச்சுரப்பைத் தன்னிடம் பற்றி வைத்துக்கொள்கின்றது என்று 1968-இல் ப்ரூஸ் மக்யூவன் கண்டிருந்தார். அவருடைய கூடத்தில் பயின்ற எலிசபெத் கூல்டு என்னும் அம்மையார், இச்சுரப்பு மிகுந்தால் அங்கே புதிய அணுக்களின் பிறப்புக் குறைவதை 1990-களின் தொடக்கத்தில் எடுத்துக் காட்டினார். 1998-இல் அவரும் தோழர்களும் மார்மோசெட் என்னும் சிறு குரங்குகளை ஆராய்ந்தனர். ஒரு குரங்கைக் கொண்டுபோய் வேற்றுக் குரங்கு குடியிருக்கும் கூண்டில் விட்டால் அது நடுங்கிப் போகும். அவ்வாறு ஒரு மணி நேரம் அஞ்சியிருந்ததற்கே, அதன் மூளையில் புதிய அணுக்களின் பிறப்புக் குறைந்து காணப்பட்டது.

மறுபுறம், நன்மை செய்வன எவை என்பதும் தெரியலாயிற்று. கலிபோர்னியாவிலுள்ள சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் பிரெட் கேஜ் என்பவரும் துணைவர்களும் 1997-இல் சுண்டெலிகளை இரு பிரிவாக வைத்தனர். ஒரு பிரிவுக்கு வழக்கமான வெறுங்கூண்டு. மற்றதற்கு நுழைந்து விளையாடக் குழாய்களும், உருளைகளும், கூட்டாளிகளும் நிறைந்த பெருங்கூண்டு. இரண்டாம் பிரிவின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்கள் மிகுதியாக நிலைபெற்றன. 1999-இல், உருளையில் தாமாக ஓடிக்களித்த சுண்டெலிகளின் மூளையில் நிலைத்த புதிய அணுக்கள் ஏறக்குறைய இருமடங்காயின என்பதையும் அவர்கள் கண்டனர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பைப் பறித்துக் கணக்கு வகுப்புக்குக் கொடுக்கும் வழக்கத்தை எதிர்த்து நான் தலைமையாசிரியனாக இருந்த காலமெல்லாம் வாதாடியவன். சுண்டெலியின் சாட்சியத்தை மட்டும் கொண்டு அந்த வழக்கை வென்றுவிட்டேன் என்று கூறமாட்டேன். எனினும் அச்சாட்சி என் பக்கம் நிற்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

எலி, குரங்கு, பறவை எல்லாம் சரி, மனிதன்? உயிருள்ள மனிதனின் மூளையை அறுத்துப் பார்க்க இயலாது. இங்கேதான் இவ்வரலாற்றின் நெஞ்சுருக்கும் பகுதி வருகின்றது. புற்றுநோய் வளரும் வேகத்தை அறிவதற்காக, தைமிடினைப் போன்றதொரு குறிப்பொருளைச் சில நோயாளிகளுக்கு மருத்துவர்கள் செலுத்துவதுண்டு. ஸ்வீடன் நாட்டில் கோதன்பர்க் நகரத்து மருத்துவர் பீட்டர் எரிக்சன், அத்தகைய நோயாளிகளின் இசைவைப் பெற்று, அவர்கள் இறந்தபின் மூளைகளை ஆராய்ந்தார். ஐவர் மூளைகளிலும், ஹிப்போகாம்பஸின் மடிப்பில், குறியேற்ற நரம்பணுக்கள் இருந்தன. கேஜும் எரிக்சனும் பிறரும் சேர்ந்து 1998 நவம்பரில் இதனை வெளியிட்டனர். அந்நோயாளிகள் 57 முதல் 72 வரை வயதினர். ஏறக்குறைய என் வயதொத்தவர்கள். நோயின் பிடியில், வாழ்வின் கடைசிப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோதும் அவர்கள் மூளையில் புதிது முளைத்துக்கொண்டிருந்தது. தம்மால் கண்டு மகிழ முடியாத ஓர் உண்மைக்குத் தம் உடலையே கொடுத்த அவ்வைவர்க்கும் மனித குலம் கடன்பட்டுள்ளது.

அடுத்த ஆண்டிலேயே இன்னொன்றும் நிகழ்ந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இல்லையென்று கூறிய அதே ராக்கிச், டேவிட் கோர்னக் என்பவருடன் சேர்ந்து, வளர்ந்த குரங்கின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதைத் தாமே கண்டு 1999-இல் வெளியிட்டார். அதே சமயம், சிந்தனைக்கு உறைவிடமான மூளைப் புறணியில் அவ்வாறு தோன்றுவதாகப் பிறர் கூறியதை அவர் ஏற்கவில்லை. அவ்வெச்சரிக்கையும் வீண்போகவில்லை. மனிதப் புறணியின் நரம்பணுக்கள் பிறப்போடு வந்தவையே என்று 2006-இல் வெளிவந்த ஆராய்ச்சி வலியுறுத்திற்று. ஆகவே காஹாலின் தீர்ப்பு மூளையின் பெரும்பகுதிக்கு இன்றும் செல்லுகின்றது. மாறியது ஒரு சிறு மூலையில்தான். ஆனால் அம்மூலையோ நினைவும் உணர்ச்சியும் சந்திக்கும் மூலை.

மனச்சோர்வு நோயாளர்க்குத் தரும் மாத்திரைகளைப் பற்றி மருத்துவர்களை நெடுநாள் வருத்திய புதிர் ஒன்றுண்டு. மாத்திரை மூளையின் இரசாயனத்தைச் சில மணி நேரத்தில் மாற்றுகின்றது. நோயாளியின் முகத்திலோ தெளிவு பிறக்கப் பல வாரங்கள் ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் நடப்பது என்ன? 2000-இல் யேல் பல்கலைக் கழகத்தில் ரானல்டு டூமனும் தோழர்களும், இம்மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தால் எலியின் ஹிப்போகாம்பஸில் புதிய அணுக்கள் மிகுகின்றன என்று கண்டனர். புதிய நரம்பணு முற்றி வேலை செய்யவும் சில வாரங்கள் ஆகும். இரு கால அளவுகளும் ஒத்துவருவது கண்டு அறிஞர் வியந்தனர். 2003-இல் கொலம்பியா பல்கலைக் கழகத்து ரெனே ஹென்னும் கூட்டாளிகளும் இதனைச் சோதித்தனர். பசித்த சுண்டெலியை வெளிச்சமான வெட்டவெளியில் விட்டு நடுவே உணவை வைத்தால், அது அஞ்சித் தயங்கும். மருந்தைப் பல நாள் உண்ட சுண்டெலியின் தயக்கம் குறையும். ஆனால் ஹிப்போகாம்பஸின்மேல் மட்டும் எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் புதிய அணுக்கள் பிறவாதபடி தடுத்துவிட்டால், மருந்து கொடுத்தும் தயக்கம் குறையவில்லை.

இதைக் கேட்டவுடனே, ‘மனச்சோர்வின் மூலம் கிடைத்துவிட்டது’ என்று பலர் ஆர்ப்பரித்தனர். விஞ்ஞானம் ஆர்ப்பரிப்புக்கு அஞ்சுவது. பின்வந்த ஆராய்ச்சிகள், மருந்தின் பயன்களுள் சில புதிய அணுக்களைச் சார்ந்தவை, சில சாராதவை என்று 2009-இல் காட்டின. புதிய அணுக்கள் இல்லாத சுண்டெலி அதிர்ச்சியிலிருந்து மீளக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கின்றது என்று 2011-இல் காணப்பட்டது. ஆகவே புதிய அணுக்கள் துயரைத் தாங்கும் வலிமைக்கு உதவக்கூடும் என்பது வரை சொல்லலாம். அவற்றின் குறைவே நோய் என்று சொல்லலாகாது.

மனிதர் வழக்கும் முற்றும் முடிந்துவிடவில்லை. 2013-இல் ஸ்வீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிலையத்தார் விந்தையானதொரு கடிகாரத்தைக் கையாண்டனர். 1955-க்கும் 1963-க்கும் இடையே வல்லரசுகள் வானவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்னும் பொருள் மிகுந்தது. 1963-இல் சோதனைத் தடை உடன்படிக்கை வந்தபின் படிப்படியாகக் குறைந்தது. அது பயிரில் ஏறி, உணவில் ஏறி, நம் அணுக்களின் மரபுப் பொருளிலும் ஏறிற்று. ஓர் அணுவில் உள்ள அளவைக் கொண்டு அது பிறந்த ஆண்டைக் கணிக்கலாம். அவ்வாறு கணித்து, வளர்ந்த மனிதரின் ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 700 நரம்பணுக்கள் சேர்கின்றன என்றனர். உலகை அழிக்கச் செய்த கருவியின் சாம்பலிலிருந்து உயிர் வளரும் கணக்குக் கிடைத்தது.

2018-இலோ, கலிபோர்னியாவைச் சேர்ந்த குழு ஒன்று, குழந்தைப் பருவத்திற்குப் பின் மனிதரில் இப்பிறப்பு வெகுவாகக் குறைந்து, வளர்ந்தவரில் காண இயலாததாகின்றது என்று அறிவித்தது. அதே ஆண்டில் கொலம்பியாக் குழு ஒன்று முதுமை வரை நீடிக்கின்றது என்றது. 2019-இல் மாட்ரிட் நகரத்தார், தொண்ணூறை நெருங்கும் முதியவரிடத்தும் இளம் நரம்பணுக்களைக் கண்டதாகவும், அல்சைமர் என்னும் மறதிநோய் வந்தவரில் அவை குறைவதாகவும் கூறினர். காஹால் வாழ்ந்து மறைந்த நகரத்திலிருந்தே இச்செய்தி வந்தது. இறந்தபின் மூளையைப் பதப்படுத்தத் தாழ்க்கும் ஒவ்வொரு மணியும் அடையாளங்களை அழிக்கக்கூடும் என்பதே பிணக்கின் ஒரு முடிச்சு. 2025-இல் கரோலின்ஸ்கா நிலையத்தார், அணுவின் கருவுக்குள் எந்த மரபுச் செய்திகள் இயங்குகின்றன என்று ஒவ்வொன்றாகப் படிக்கும் புதுமுறையால், புதிய நரம்பணுக்களை ஈனும் தாயணுக்களையே வளர்ந்த மனிதரிடம் கண்டதாக வெளியிட்டனர். ஒருவருக்கு மிகுதியாகவும் மற்றொருவருக்கு மிகக் குறைவாகவும் அவை இருந்தன. அளவு எவ்வளவு, அதனால் விளையும் பயன் என்ன என்ற கேள்விகள் எஞ்சி நிற்கின்றன.

இத்தனையும் கேட்டபின், வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர் என்னைக் கேட்கக்கூடும்: ‘ஐயா, எங்களுக்கு இதனால் என்ன?’ என் சிற்றறிவுக்கு எட்டியவரை மூன்று சொல்லுவேன். முதலாவது, மனநோய் ஒழுக்கக் குறைவும் அன்று, முன்வினையின் முத்திரையும் அன்று. மாறும் தன்மையுள்ள ஓர் உறுப்பின் நோய். ஆகவே தகுந்த மருத்துவரை நாடுவதே முறை. இரண்டாவது, மருந்து பத்து நாளில் பயன் தரவில்லை என்று தாமாக நிறுத்திவிடலாகாது. வாரக்கணக்கில் நடக்கும் வேலைக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். மூன்றாவது, ‘மூளை அணுக்களை வளர்க்கும்’ என்று புட்டியில் அடைத்து விற்பவற்றை நம்பிக் காசைத் தொலைக்க வேண்டா. மனிதரின் மூளையில் அணுக்களை எண்ணிப் பார்ப்பதே இவ்வளவு அரிதாக இருக்க, அவற்றை வளர்த்துக் காட்டினேன் என்பவர் எதை எண்ணிச் சொல்கின்றார் என்று கேளுங்கள். நடை, விளையாட்டு, நல்லோர் கூட்டு, கற்றலில் ஊக்கம் ஆகியவை உடலுக்கும் மனத்துக்கும் நலம் என்பதற்கு எலியின் சான்று கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்க்கும் ஒரு சொல் உண்டு. ‘இவனுக்கு மூளை இல்லை’ என்னும் வார்த்தை நம் வகுப்பறைகளில் எத்தனை முறை ஒலித்திருக்கின்றது! பிள்ளையின் மூளையைப் பற்றித் தீர்ப்பு எழுத உலகின் தலைசிறந்த கண்களே தயங்குகின்றன. சாக்பீஸ் பிடித்த கை அதனை நாள்தோறும் எழுதுவது தகாது. அச்சத்தில் வைத்த குரங்கின் மூளையில் பிறப்புக் குறைந்தது என்ற செய்தியைப் பிரம்பைக் கையிலெடுக்கும் முன் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். குரங்குக்குக் கண்டது குழந்தைக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சாதிக்கவில்லை. பொருந்தக்கூடும் என்ற ஐயமே கையைத் தடுக்கப் போதுமானது.

ஜோசப் ஆல்ட்மனின் பெயரை மீண்டும் சொல்லி முடிக்கின்றேன். அவர் வினா எழுப்பிய 1962-க்கும், மனித மூளையில் விடை தென்பட்ட 1998-க்கும் இடையே 36 ஆண்டுகள் ஓடின. ஸ்பெயின் நாட்டு அஸ்தூரியாஸ் இளவரசர் பரிசு 2011-இல், கேனரியை ஆராயும் கூடத்தில் பயின்ற ஆர்தூரோ ஆல்வரஸ்-புய்யா முதலியோருடன் அவருக்கு வழங்கப்பட்டது. மறு ஆண்டில் ஜப்பான் நாட்டு உயிரியல் பரிசும் வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 87. நான்கு ஆண்டுகள் கழித்து, 2016-இல் அவர் மறைந்தார். அவருடன் 2011-இல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே ஆல்வரஸ்-புய்யாவே, 2018-இல் வளர்ந்த மனிதரிடம் இப்பிறப்பைக் காணவில்லை என்று எழுதிய குழுவின் தலைவர். இதனை முரண்பாடு என்று நான் கருதவில்லை. உண்மையைத் தேடுவோர் தம் கொள்கைக்கே எதிராகவும் சாட்சி சொல்லக் கடமைப்பட்டவர்கள். அவ்வழக்கில் அடுத்த சாட்சி யாரிடமிருந்து வரும் என்பது தெரியாது. நம் பள்ளிக்கூடம் ஒன்றில் இப்போது கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடமிருந்தும் வரலாம்.